காதர் பாய்க்கு நான் கொடுத்த பச்சைத் துண்டு

காதர் பாய் அந்தப் பச்சைத் துண்டை நான்காக மடித்து, என் மேசைமேல், டீ தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். புதுத் துண்டு. சாயப் பட்டறையின் நெடி இன்னும் போகவில்லை.

"இத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க சார்" என்றார்.

"ஏனுங்க பாய், கிழிசலா இருக்குதுங்களா?"

"துண்டு நல்லாத்தானுங்க இருக்குது."

 திரும்பிப் போய்விட்டார். துண்டின் ஓரத்தில் ஈரமாக நாலு விரல் தடம். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸும் ஆயிலுமாக நிற்கிற மனிதர், திருப்பிக் கொடுக்கிற துண்டில் கறை பட்டுவிடக் கூடாதென்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருக்கிறார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 'துண்டைத் திருப்பிக் கொடுக்கிறாரே, என்ன திமிர்' என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவினாசி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த நூற்பாலை அது. நான் அங்கே லேபர் வெல்ஃபேர் ஆபீசர். வயது இருபத்தெட்டு. தோட்டத்துக் கூலிகளாக இருந்த குடும்பத்தில் அப்பா ரயில்வேக்குப் போனார், நான் மேசைக்கு வந்தேன். கதவில் என் பெயர் எழுதிய பலகை தொங்கும். 'பி. ஆரோக்கியசாமி.' காலையில் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

காதர் பாய் ஃபிட்டர். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். எந்த மெஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். டாக்டர் நாடி பார்ப்பதுபோல இருக்கும். பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார்.

தொட்டிமேல் இருந்து பார்த்தால்

நாடு சுதந்திரம் அடைந்து ஐம்பது வருஷம் நிறைகிற ஆகஸ்ட் வந்துகொண்டிருந்தது. ஊரெங்கும் ஏதாவது ஒரு ஏற்பாடு. எங்கள் மேனேஜருக்கும் ஓர் ஆசை வந்தது.

"நம்ம ஆளுகளையே கொடியா நிறுத்தறோம் ஆரோக்கியசாமி. முந்நூறு பேரு. தலையில கலர் துண்டு. தண்ணித் தொட்டி மேல நின்னு பாத்தா அப்படியே தேசியக் கொடி தெரியோணும். நம்ம முதலாளி மேல ஏறிப் பாப்பாரு, போட்டோவும் எடுத்தர்லாம்."

ஆண்கள் உருமால் கட்டிக்கொள்வது, பெண்கள் முக்காடு போட்டுக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. மேலே ஒரு வரிசைக் காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. நடுவிலிருக்கும் சக்கரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பின்னிங் மேஸ்திரி பழனிசாமி சொன்னார்:

"அதுக்கெதுக்குங்க துண்டு? ஒர்க்‌ஷாப்புக்காரங்க போடறதே நீலச் சட்டையும் நீல டவுசருந்தானுங்களே. அப்படியே கொண்டாந்து வட்டமா உட்கார வெச்சாப் போச்சு."

பழனிசாமி மேஸ்திரியின் சொந்த ஊர் கருமத்தம்பட்டிப் பக்கம். சொந்தமாகத் தோட்டம் உண்டு, தம்பிக்குத் தறி உண்டு. மேஸ்திரி வேலையை அவர் பொழுதுபோக்காகத்தான் பார்த்தார் என்று மில்லில் ஒரு பேச்சு. துண்டு நெய்து சாயம் போட்டுக்கொண்டு வருகிற பொறுப்பைத் தாமாக ஏற்றுக்கொண்டார்.

குங்குமப்பூவை யார் பார்த்தது?

பச்சையில் தகராறில்லை. வெள்ளையிலும் தகராறில்லை. காவிதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

முதல் தடவை வந்த துண்டு பழனிக்குப் போகிறவர்கள் கட்டுகிற வேட்டி மாதிரி மண்ணேறிய காவியாக இருந்தது. மேனேஜர் தலையை ஆட்டினார். இரண்டாவது தடவை வந்தது ஐஸ் வண்டிக்காரன் விற்கிற ஆரஞ்சுக் குச்சி ஐஸ் மாதிரி பளீரென்று அடித்தது.

"ஏனுங்க சார், இதுக்குச் சரியான பேருதான் என்னுங்க? காவியா, ஆரஞ்சா?" என்றார் மேஸ்திரி சலிப்போடு.

"இங்கிலீசுல குங்குமப்பூ நிறம்னு போட்டிருக்குதுங்க."

"குங்குமப்பூவ நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நானும் இல்லீங்க. சாயப் பட்டறைக்காரனும் பாத்ததில்லைங்கறான். பாக்காத பூவுக்கு எப்படிங்க சாயம் போடறது?"

கடைசியில் கலெக்டர் ஆபீசில் ஏற்றுகிற கொடியைப் பார்த்து வர சாயப் பட்டறைக்காரரையே அனுப்பினோம். அவர் ஒரு மணி நேரம் வெயிலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாராம். காவலர் வந்து விசாரித்திருக்கிறார். "கலரு பாக்கறேனுங்க" என்று சொன்னதை அவர் நம்பவேயில்லையாம். ஆனால் மூன்றாவது தடவை வந்த துண்டு அச்சு அசலாக இருந்தது. செவ்வந்தியும் நெருப்பும் கலந்தது மாதிரி ஒரு நிறம். இன்றைக்கும் அந்த நிறத்தைப் பார்த்தால் எனக்கு அந்தச் சாயப் பட்டறைக்காரரின் அண்ணாந்த கழுத்துதான் ஞாபகம் வரும்.

நான் எழுதிய பட்டியல்

யார் எந்த நிறத்தில் நிற்பது என்று பட்டியல் போடுகிற வேலை என்னுடையது.

ஷிஃப்ட் வாரியாகப் பிரிக்கலாம், டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிக்கலாம். உயரம் பார்த்துக்கூடப் பிரிக்கலாம். எனக்கு அதெல்லாம் சாதாரணமாகத் தோன்றியது. கொடியின் அர்த்தமும் அதில் வரவேண்டும் என்று நினைத்தேன். காவி இந்துக்கள், பச்சை முஸ்லிம்கள், வெள்ளை கிறிஸ்தவர்களும் மற்றவர்களும். இதை எங்கே படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படித்ததாகக்கூட ஞாபகமில்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆள் பெயர்ப் பதிவேடான மஸ்டர் ரோலை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். மில்லில் முஸ்லிம்கள் மொத்தம் பதினாலு பேர். ஒரு முழு வரிசைக்கு அது போதாது. பதினாலு பேரையும் பச்சையின் முன்பக்கத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் மற்றவர்களை வைத்து நிரப்பினேன். போட்டோவில் அவர்கள் முகம் தெரியவேண்டும் என்று ஆசை. வெள்ளையின் முன்பக்கத்தில் என் பெயரையும் மற்ற கிறிஸ்தவர்கள் பெயரையும் எழுதினேன்.

பதினாலாவது பெயர் காதர் பாய். ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் சக்கரத்தில் இருந்தார்கள். அந்தப் பட்டியலிலிருந்து அவர் பெயரை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பச்சையில் எழுதினேன்.

பட்டியல் முடிந்ததும் அதைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருப்பதாகத் தோன்றியது. ஒற்றுமை என்பதைக் காகிதத்தில் போட்டுவிட்டேன் என்று ஒரு பெருமை.

கொடிக்கு நிற்க மாட்டானாமா

துண்டைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் ஒத்திகை. காதர் பாய் வரவில்லை. அதற்கு அடுத்த ஒத்திகைக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் கேன்டீனில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

"காதர் கொடிக்கு நிக்க மாட்டேன்னுட்டானாமா."

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. காலையில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பகுதியில் கேட்டது, மத்தியானம் கேட் வாட்ச்மேன் வரைக்கும் வந்துவிட்டது. வருகிற வழியில் வளர்ந்தும் விட்டது. 'துண்டைத் தூக்கி வீசினாராம்' என்று வாட்ச்மேன் என்னிடமே சொன்னார். என் மேசைமேல் நான்காக மடித்து வைத்த துண்டை!

அந்த வருஷம் ஊர் அப்படி இருந்தது. உக்கடத்தில் ஒன்று, டவுன்ஹாலில் ஒன்று என்று சின்னச் சின்ன உரசல்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயரைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதர்மேல் விழக்கூடாத சொல் அது.

மேனேஜர் கூப்பிட்டார்.

"காதருக்கு ஒரு நோட்டீஸ் குடுங்க. தேசியக் கொடி நிகழ்ச்சில கலந்துக்க மறுத்ததுக்கு விளக்கம் கேட்டு. எழுத்துல வாங்கிப்போடுங்க. நாளைக்கு யாராச்சும் நம்மளக் கேட்டா, பதில் இருக்கோணுமில்ல?"

டைப் அடித்து வந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியவன் நான். பேனாவைத் திறந்தேன், மூடினேன். முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

லேத்தில் எதையோ கடைந்துகொண்டிருந்தார். சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"பாய், ஏனுங்க ஒத்திகைக்கு வரலீங்க? ஆளாளுக்கு என்னென்னமோ பேசறாங்க."

"கேட்டனுங்க."

"உங்களுக்குக் கொடியில நிக்கறதுல ஏதாச்சும்..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், இந்தப் பட்டறையில நாங்க எட்டுப் பேருங்க. எட்டுப் பேருத்துக்கும் ஒரே நீலச் சட்டைதான். இருபத்தி ரெண்டு வருசமா நானும் அதத்தான் போட்டுட்டு இருக்கறன். ஏழு பேரு சக்கரத்துல உக்காரோணும், நா மட்டும் பச்சையில போயி நிக்கோணுமா? எதுக்குங்க?"

நான் கீழே கிடந்த இரும்புச் சீவலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எம் பேரைப் பாத்துத்தானுங்களே எடுத்தீங்க?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எந்த மெசினு நின்னாலும் 'காதரு, வா'ன்னுதானுங்க கூப்புட்டுருக்கறாங்க. இது வரைக்கும் ஒருத்தரும் என்னை முஸ்லிம் ஃபிட்டருன்னு கூப்புட்டதில்லீங்க சார். நீங்கதான் மொதோ ஆளு."

மெஷினை மறுபடி போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. சட்டைப் பையிலிருந்த நோட்டீஸை வெளியில் எடுக்காமலே திரும்பினேன்.

அப்பா கையில் இரண்டு கொடிகள்

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் அவரைப் பற்றி ஏற்கனவே நிறைய எழுதிவிட்டேன் என்று சிலர் குறைப்பட்டிருக்கிறார்கள். மன்னிக்கவேண்டும், கொடி என்றால் எனக்கு முதலில் அவர்தான்.

போத்தனூர் ஜங்ஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு லெவல் கிராசிங்கில் அப்பா கேட்மேன். அக்குளில் எப்போதும் சுருட்டிய இரண்டு கொடிகள் இருக்கும். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. வாரத்துக்கு ஒருமுறை அம்மா அவற்றைத் துவைப்பாள். சிவப்பு சாயம் போகும். ஒருமுறை தெரியாமல் அப்பாவின் வேட்டியோடு ஊறப்போட்டுவிட, கோயிலுக்கு அப்பா ரோஸ் வேட்டியில் வந்தார். பாதிரியாரே பாதிப் பூசையில் சிரித்துவிட்டார்.

துவைத்த கொடிகளைத் தண்டவாளத்து ஓரம் அம்மா காயப்போட மாட்டாள். சிவப்பைப் பார்த்து எந்த ரயிலாவது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம். வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்து மறைவில்தான் காயும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். வானொலியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தவர், அதை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"பச்சைன்னா முஸ்லிமுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதானுங்கப்பா."

"முப்பது வருசம் பச்சைக் கொடி காட்டியிருக்கறன். வண்டி எடுன்னுதான் அதுக்கு அர்த்தம். உன்னோட கொடியில என்ன அர்த்தமுன்னு போயிப் படிச்சுப் பாரு. படிச்சவன்தானே நீ?"

நூலகத்தில் ஒரு ஞாயிறு

அப்போதே கிளம்பிப் போனேன். டவுன் நூலகத்தில் ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சுதந்திரப் போராட்டம் பற்றிய அலமாரியில், கொடியைப் பற்றி மட்டும் எழுதிய ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. கடைசியாக யார் எடுத்தார்கள் என்று பார்த்தேன். யாரும் எடுத்த மாதிரியே தெரியவில்லை.

நான் படித்ததை நினைவிலிருந்து சொல்கிறேன். ஆரம்பத்தில், ஆந்திரப் பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு கொடி வரைந்துகொண்டு வருகிறார். அதில் சிவப்பும் பச்சையும் மட்டும்தான். ஆமாம், அப்பாவின் இரண்டு கொடிகளேதான்! சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்ற மதத்தவருக்கு என்ன இருக்கிறது என்று பேச்சு எழுந்து, வெள்ளை சேர்கிறது. நடுவில் ராட்டை.

அதுவரை படித்தபோது நான் போட்ட பட்டியல் சரிதான் என்றுதான் நினைத்தேன். மெல்லிய திருப்திகூட வந்தது. பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்த பத்து வருஷம் சண்டை. எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்கிறார்கள். இன்னும் யார் யாரோ கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் என்று போனால் இதற்கு முடிவே இல்லை என்று தெரிகிறது. ஒரு குழு போடுகிறார்கள். ஊர் ஊராகக் கருத்துக் கேட்கிறார்கள். கடைசியில் சிவப்பு போய்க் காவி வருகிறது, மூன்று பட்டைகளும் இன்றைய வரிசைக்கு வருகின்றன. அதோடு ஒன்றைத் தெளிவாக எழுதியும் வைக்கிறார்கள்: இந்த நிறங்கள் எந்த மதத்தையும் குறிக்காது. காவி துணிச்சலுக்கும் தியாகத்துக்கும், வெள்ளை உண்மைக்கும் அமைதிக்கும், பச்சை நம்பிக்கைக்கும் செழிப்புக்கும். சுதந்திரம் வரும் சமயத்தில் ராட்டை இருந்த இடத்தில் நீலச் சக்கரம் வருகிறது.

அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். என் அப்பாகூடப் பிறந்திராத காலத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று அழித்த ஒன்றை, நான் மஸ்டர் ரோலை வைத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் திரும்பவும் எழுதியிருக்கிறேன். கன்னமெல்லாம் சூடாகிவிட்டது.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். வெளியே வந்ததும் முதல் காரியமாகச் சட்டைப் பையிலிருந்த நோட்டீஸைக் கிழித்தேன்.

மைக் முன்னால்

"கிழிச்சுப்போட்டீங்களா?" என்றார் மேனேஜர். குரல் உயர்ந்துவிட்டது.

"தப்பு என்னோடதுங்க சார். அவரு கொடிக்கு நிக்க மாட்டேன்னு சொல்லவே இல்லீங்க. நாந்தான் அவரு எடத்த மாத்திப்போட்டேன்."

புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பேச்சு முதலாளி காதுவரை போய்விட்டது என்ற பயம் அவருக்கு.

"எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? மில்லு பூராத் தெரிஞ்சுபோச்சு. ஆளுக முன்னால நின்னு, என் தப்புதான்னு மைக்குல சொல்லுவீங்களா?"

"சொல்றேனுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க அதே யோசனைதான். ஆபீசர் என்று வந்தவன், தொழிலாளர்கள் முன்னால் நின்று தப்புச் செய்தேன் என்று சொன்னால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? தோட்டக் கூலியின் பேரன் என்பதை மறக்காத சிலர் மில்லில் இருந்தார்கள். அவர்கள் என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்றெல்லாம் ஓடியது.

முதல் ஷிஃப்ட் இறங்கி இரண்டாம் ஷிஃப்ட் ஏறுகிற நேரம். சங்கு ஊதியது. மூன்றாம் ஷிஃப்ட்காரர்களையும் வரவழைத்து, கேன்டீன் முன்னால் எல்லோரையும் நிறுத்தியிருந்தார்கள். பஞ்சுத் தூசி ஒட்டிய தலைகளும், டிபன் பாத்திரம் தூக்கிய கைகளுமாகக் கூட்டம். மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"காதர் பாய் கொடிக்கு நிக்க மாட்டேன்னு சொன்னதா ஒரு பேச்சு ஓடுதுங்க. அது பொய்யிங்க. அவரு நீலச் சட்டைக்காரரு, சக்கரத்துல இருக்க வேண்டியவரு. அவரு பேரைப் பாத்துப்போட்டு அங்கிருந்து எடுத்தது நானுங்க. பதினாலு பேரை அப்படி எடுத்தேன். அது தப்புங்க."

பிறகு கொடியின் கதையைச் சொன்னேன்.  முடித்ததும் பழனிசாமி மேஸ்திரி கையைத் தூக்கினார். அவர் கையைத் தூக்கினால் கூட்டமே திரும்பும்.

"ஏனுங்க சார், அப்ப இத்தன நாளா நாம சொல்லிட்டு இருந்தது பூராத் தப்புங்களா?"

"ஒரு காலத்துல அப்படித்தானுங்க இருந்துச்சு. அப்பறம் அது வேண்டாமுன்னு மாத்திப்போட்டாங்க. மாத்துனது நமக்கு வந்து சேரலீங்க."

"மாத்துனது நல்லதுதானுங்க. ஆளாளுக்கு ஒரு கலருன்னு கேட்டா, தறியில ஓட்டித் தீராதுங்களே! எந்தம்பி ஓடியே போயிருவான்."

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. புதுப் பட்டியலை அங்கேயே அறிவித்தேன். முதல் ஷிஃப்ட் காவி, இரண்டாவது வெள்ளை, மூன்றாவது பச்சை. ஒர்க்‌ஷாப் எட்டுப் பேரும் சக்கரம். ஆள் போதாததற்கு எலெக்ட்ரிகல் செக்‌ஷன். மேஸ்திரிக்குக் கிடைத்தது பச்சை. "நம்ம தோட்டத்துக்குப் பொருத்தந்தான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

காதர் பாய் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். நான் பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. சங்கு இரண்டாம் முறை ஊதியதும் பட்டறைக்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் காலை

அன்றைக்கு லேசான தூறல். தொட்டிமேல் முதலாளியும் மேனேஜரும் போட்டோகிராபரும் ஏறியிருந்தார்கள். கீழே தலைகளாக நாங்கள். வெள்ளையில் எங்கோ நடுவில் நான். எனக்கு முன்னால் ஒரு வைண்டிங் அக்காவின் முக்காடு, பின்னால் யாருடைய இருமலோ. உள்ளே நிற்பவனுக்குக் கொடி தெரியாது. ஈரத் துண்டின் சாய வாடைதான் தெரியும்.

சக்கரத்தில் நீலச் சட்டைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. காதர் பாய் வந்திருந்தார். முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். கொடிப் பாட்டு முடிந்து, மேலிருந்து கைதட்டல் கேட்டது. லட்டு கொடுத்தார்கள். கலைந்தோம்.

பஸ்ஸுக்காக சைக்கிள் ஸ்டாண்ட் வழியாக நான் போனபோது அவர் தம் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். அப்படியே போயிருக்கலாம்.

"பாய், கோவம் போகலீங்களா?"

அவர் மொபெட்டை நிறுத்தினார்.

"மைக்குல முந்நூறு பேருகிட்டச் சொன்னீங்க சார். கேட்டனுங்க. நல்லாத்தான் சொன்னீங்க." என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட இன்னும் சொல்லலீங்களே."

உண்மைதான். கூட்டத்திடம் சொன்னதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். அவர் எதிரில் நின்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மன்னிச்சுருங்க பாய். உங்களத் தனியா எடுத்து நிறுத்துனது தப்பு."  

 அவர் கைப்பிடியில் இருந்த ஈரத்தைத் துடைத்தார்.

"போத்தனூருக்கு உக்கடத்துலதான பஸ் ஏறுவீங்க? ஏறுங்க, அங்க வரைக்கும் கொண்டாந்து உட்டறேன்."

உக்கடம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியும் வண்டி நிற்கவில்லை. குளத்துக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு சந்துக்குள் போய், பச்சைக் கதவு வைத்த வீட்டு முன்னால் நிறுத்தினார். கதவின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அவர் மனைவி டீ கொண்டு வந்தார். என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்காது என்று நினைத்துக் கேட்டார்:

"ஏனுங்க, இவருதானுங்களா அந்தப் பச்சை சாரு?"

காதர் பாயின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். இருபது நாளாக அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயராக இருந்திருக்கிறது. டீ அவருக்குப் புரையேறியது. நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எதிர் வீட்டு டெலிபோன்

அந்த வருஷக் கடைசியில் கலவரம் வந்து ஊர் நிஜமாகவே கெட்டுப்போனது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். மில் மூடியிருந்தது. பஸ் இல்லை. உக்கடத்தில் என்ன நடக்கிறது என்று போத்தனூரில் இருந்த எங்களுக்கு வதந்தியாகத்தான் வந்தது. காதர் பாய் வீட்டில் டெலிபோன் கிடையாது. எங்கள் வீட்டிலும் கிடையாது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்பா ரயில்வே கேட்டுவரை நடப்பார், திரும்பி வருவார்.

நான்காம் நாள் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியிருந்தார்கள். எதிர் வீட்டு டீச்சரம்மா வாசலுக்கு வந்து நின்றார். அவர் வீட்டு நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்தேன்.

"ஆரோக்கியம், இதென்ன தொந்தரவுன்னே தெரியலீங்க. யாரோ ஒரு அம்மா போன் பண்ணி, 'பச்சை சாரு நல்லாருக்காருங்களா'ன்னு கேக்கறாங்க. அப்படி யாரும் இங்க இல்லீங்க, ராங் நம்பருன்னு வெச்சுப்போட்டேன். மறுபடியும் அடிக்கறாங்க. அழுவாங்களாட்ட இருக்குது. ஒருவேள..."

அவர் முடிப்பதற்குள் நான் செருப்பில்லாமல் தெருவைத் தாண்டிவிட்டேன்.

"நாந்தானுங்க டீச்சர்! வெச்சுப்போடாதீங்க, அது நாந்தானுங்க!"